எட்டுத் தூண்டிலும் ஒரு திருப்பமும்: கிராப்பி பிடித்த அனுபவங்கள்

மெம்பிஸிலிருந்து:

தெற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் மிசிசிப்பி மாநிலத்துச் சார்டிஸ் ஏரி வந்துவிடும். ஏரி என்று பெயர்தானே தவிர, வெள்ளத்தைத் தடுக்க 1940இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. இன்று அங்கே படகோடு வருகிறவர்களில் பலருக்குக் கிராப்பி என்ற நன்னீர் மீனைத் தவிர வேறு நினைப்பில்லை.

சென்ற ஜூலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் படகில் என்னையும் என் மைத்துனரையும் அழைத்துப் போனார். ஆளுக்கு நான்கு தூண்டில் கோல் போடலாம் என்பது அங்கே சட்டம். "மூன்று பேருக்குப் பன்னிரண்டு வரும். ஆனால் நீங்கள் இருவரும் புதியவர்கள், எட்டு போதும்" என்றார். அதுவே அதிகம் என்று பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது.

படகின் இரு பக்கமும் 16, 14, 12, 8 அடிக் கோல்களைத் தாங்கிகளில் செருகினார். முன்னால் நீளமானது, பின்னால் போகப் போகக் குட்டை. தூண்டில் நரம்புகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி ஓட அதுதான் வழி. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கிராங்க்பெய்ட்: விரல் நீளப் பிளாஸ்டிக் மீன், முகவாயில் கரண்டிபோல் ஒரு தகடு. இழுத்தால் தகடு தண்ணீரைத் தள்ளிக் கீழே இறங்கும். நிறுத்தினால் மிதந்து மேலே வரும். நரம்பை நீளமாக விட்டால் இன்னும் ஆழம் போகும். எத்தனை அடி விட்டோம் என்பதை ரீலே எண்ணிக் காட்டுகிறது. சிலவற்றுக்கு 80 அடி, சிலவற்றுக்கு 120 அடி என்று மாற்றி மாற்றி விட்டோம்.

தூண்டில்களை இழுத்துக்கொண்டே மெதுவாகப் படகை ஓட்டினோம், வேகம் மணிக்கு 1.5 மைல். ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பெரியவர் அகலமாக ஒரு வளைவு எடுத்தார். வெளிப்பக்க 16 அடிக் கோல் வில்லாக வளைந்தது. அடுத்த வளைவிலும் அதே பக்கம், அதே கோல். "ஏன் என்று சொல் பார்ப்போம்" என்றார். நான் விழித்தேன். அவரே விளக்கினார்: திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமாக ஓடுகிறது, உள்பக்கத்தது தளர்ந்து மேலே மிதக்கிறது. எந்தப் பக்கத் தூண்டிலை மீன் கடிக்கிறதோ அதன் வேகம்தான் அன்றைய வேகம். 1.9க்கு ஏற்றினோம். நேர் ஓட்டத்திலேயே கோல்கள் வளையத் தொடங்கின.

முதல் மீன் மைத்துனருக்கு. கோலைப் பிடுங்கி ஒரே வெட்டாக மேலே இழுத்தார். முள்ளில் வந்தது உதட்டுத் தோல் மட்டுமே. கிராப்பியின் வாய் வெங்காயத் தோல்போல. கோல் தாங்கியில் இருக்கும்போதே மீன் தானாக மாட்டிக்கொள்கிறது, நாம் சீராகச் சுற்றி, நீண்ட பிடிபோட்ட வலையில் அள்ளினால் போதும்.

பிறகு நான் சுக்கான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பட்டுப்போன மரம் ஒன்றைக் கண்டு பதறிச் சட்டென்று திருப்பியதில் உள்பக்க நரம்பு நான்கும் தொய்ந்து, வெளிப்பக்கத்தது வந்து அவற்றின்மேல் விழுந்தது. ஒவ்வொரு பொய்மீனிலும் இரண்டு மும்முள், அதாவது மூன்று கொக்கி சேர்ந்த முள். சிக்கெடுக்க ஒன்றரை மணி நேரம். பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் வலித்தது. கடைசியில் 12 அங்குலத்துக்குக் குறைந்தவற்றை விட்டுவிட்டு, ஏழு மீனோடு கரையேறினோம்.

ஜாக்சனிலிருந்து:

கோல் நுனியைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. பொய்மீன் ஒழுங்காக ஓடினால் நுனி விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் மீன் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஓர் இலை, சில சமயம் விரல் நீளக் குஞ்சு. அதை இழுத்துக்கொண்டே அரை மணி நேரம் வீணாக ஓட்டியவன் நான். உங்களுக்குத் தெற்கேயுள்ள எனிட் ஏரிக்கும் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கிராப்பியில் உலகச் சாதனையான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் 1957 ஜூலையில் அங்கேதான் பிடிபட்டது. என் சாதனை ஒன்றரை பவுண்டு.

டொரண்டோவிலிருந்து:

எட்டுக் கோலா! எங்கள் ஒன்ராறியோவில் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான். நான் ரைஸ் ஏரியில் சிறு தோணியைத் துடுப்பால் வலித்து ஒரே தங்கூசியை, அதாவது நரம்பை, இழுக்கிறேன். களைத்துத் துடுப்பை நிறுத்தும்போதுதான் கடிக்கிறது, வேகமாக வலிக்கையில் இல்லை. உங்கள் கணக்குக்கு நேர் எதிராக இருக்கிறதே?

மீண்டும் மெம்பிஸிலிருந்து:

நீங்கள் போவது எந்த மாதம்? அக்டோபரில் தண்ணீர் குளிர்ந்தபின் இங்கும் உள்பக்கக் கோல்தான் வளைந்தது. அன்று 1.2க்கு இறக்கினோம். சுக்கான் பெரியவரிடமே இருந்தது.