வாலெட்டை மீட்டாச்சு, அம்மாவின் மருத்துவக் கோப்புகள் மட்டும் திறக்க மாட்டேங்குது. உதவுங்கள்

ஜெலுத்தோங்_மகன்

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்கோ, மருந்துச் சீட்டு, சிறுநீரக டாக்டரின் கடிதங்கள் என்று எல்லாம் பிடிஎஃப் ஆக ஒரு ஆப்பில் இருக்கின்றன. அந்த ஆப்புக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. கைப்பேசியில் இருக்கும் கிரிப்டோ வாலெட்டில் (மின்காசுக் கணக்குகளின் சாவியை வைத்திருக்கும் ஆப்) டிஜிட்டல் கையொப்பம் போட்டால்தான் கோப்பு திறக்கும். பூட்டிய கோப்புகள் ஐபிஎஃப்எஸ்ஸில், அதாவது பலருடைய கணினிகளில் கோப்பைப் பகிர்ந்து வைக்கும் வலையமைப்பில், கிடக்கின்றன.

ஏன் இவ்வளவு சிக்கல் என்று கேட்பீர்கள். முன்பு போன ஒரு மையத்தில் அம்மாவின் ஹெபடைடிஸ் சி ரிசல்ட்டைப் படம் பிடித்து யாரோ வாட்ஸ்அப்பில் தப்பான எண்ணுக்கு அனுப்பிவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடமே வந்து சேர்ந்தது. அடுத்த கல்யாண வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

இப்போது பழைய கைப்பேசியின் திரை போய்விட்டது. புதியதில் வாலெட்டை இறக்கி, வாலெட்டை மீட்பதற்கென்று தாளில் எழுதி வைத்த 12 சொற்களையும் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் காட்டும் கணக்கு அட்ரஸ் தாளில் குறித்து வைத்தது இல்லை, வேறு. ஆப்பைத் திறந்தால் 'கோப்புகள் எதுவும் இல்லை' என்கிறது. அடுத்த வாரம் அம்மாவுக்குப் புது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்_டெக்

முதலில் ஒன்று. அந்த 12 சொற்களை இங்கேயோ தனிச் செய்தியிலேயோ யார் கேட்டாலும் போடாதீர்கள். நான் கேட்டாலும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். 'சொற்களை ஏற்றுக்கொண்டது' என்பதை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கும் 12 சொற்களில் சரிபார்ப்புக்கு என்று இருப்பது 4 பிட்தான், அதாவது 0 அல்லது 1 என்ற நாலு இலக்கம். ஒரு சொல்லை மாற்றிப் போட்டாலும் 16-இல் 1 வாய்ப்பில் வாலெட் பேசாமல் திறந்துவிடும். ஆகவே தாளில் உள்ள கையெழுத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.

இரண்டாவது, சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியச் சொல் வைத்திருந்தீர்களா? '25-ஆவது சொல்' என்பார்கள். 24 சொல் வைத்திருப்பவர்களால் வந்த பெயர், 12 சொல்காரர்களுக்கும் அதேதான், விடுங்கள். அதைத் தப்பாகப் போட்டால் பிழை என்று வராது, காலியான வேறொரு வாலெட் திறக்கும்.

மூன்றாவது, எனக்கு இதுதான் சந்தேகம். 12 சொற்கள் தாய் வாழை மாதிரி, அதிலிருந்து எத்தனை கன்று வேண்டுமானாலும் வரும். ஒவ்வொரு கன்றும் ஒரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி அட்ரஸ். புது போனில் மீட்டால் வழக்கமாக முதல் கணக்குதான் தெரியும். சில வாலெட்டுகள் காசு உள்ள கணக்குகளைத் தேடிக் காட்டும். அம்மாவின் கணக்கில் காசு எதுவும் இருக்காதே? அப்படியானால் அது தானாக வராது. 'கணக்கு சேர்' என்பதைத் தட்டி அடுத்த அட்ரஸைப் பாருங்கள்.

[பயனர் நீக்கப்பட்டார்]

[பதிவு நீக்கப்பட்டது]

நிர்வாகி

மேலே இருந்தது 'வாலெட் ஒத்திசைவு மையம்' என்று ஒரு இணைப்பு. 12 சொற்களை அங்கே தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தார். உதவி கேட்டு இழை திறந்த சில நிமிடங்களிலேயே இவர்கள் வந்துவிடுகிறார்கள். யாராவது அழுத்தியிருந்தால் உடனே சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_மகன்

அண்ணே, நீங்கள் சொன்னதுதான். இரண்டாவது கணக்கைச் சேர்த்ததும் தாளில் இருந்த அட்ரஸ் வந்துவிட்டது. முதலாவது என்னுடையது. ஆப்பில் கோப்புப் பட்டியலும் வந்துவிட்டது, அம்மாவின் எக்கோ அறிக்கை வரை எல்லாப் பெயரும் தெரிகிறது.

ஆனால் எதைத் தட்டினாலும் முதலில் கையொப்பம் கேட்கிறது, போடுகிறேன், ஒரு நொடி சுற்றுகிறது, 'டிகிரிப்ஷன் ஃபெயில்ட்' என்று சிவப்பில் வருகிறது. அடியில் 'சாவியைப் புதுப்பி' என்று ஒரு பொத்தான். அழுத்தலாமா?

செந்தூல்_டெக்

அழுத்தாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பழைய சாவி பற்றிய குறிப்பை அது அழித்துவிட்டால் பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல விஷயம், கோப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் 'பதிவிறக்க முடியவில்லை' என்றுதான் வந்திருக்கும். சாவி தப்பு, அவ்வளவுதான். இந்த மாதிரி ஆப்கள் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற மறையாக்க முறையில் பூட்டுகின்றன. சாவி ஒரு பிட் மாறினாலும் குப்பையாகத் திறந்து காட்டாது, திறக்கவே மறுத்துவிடும். அந்தச் சிவப்புச் செய்தி அதுதான்.

இப்போது சாவி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வாலெட்டின் அந்தரங்கச் சாவியை வாலெட் எந்த ஆப்புக்கும் கொடுக்காது. அதனால் ஆப் ஒரு நிலையான வாசகத்தைக் காட்டி அதில் கையொப்பம் கேட்கும், அந்தக் கையொப்பத்தை ஹேஷ் செய்து (கணக்கிட்டு, கைரேகை மாதிரி ஒரு எண்ணாக்கி) அதையே கோப்பின் சாவியாக வைத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி 6979 என்று 2013-இல் வந்த முறைப்படி கையொப்பம் போடும் வாலெட்டில், அதே கணக்கு அதே வாசகத்துக்கு எப்போது போட்டாலும் அதே கையொப்பம்தான் வரும். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது. ஆனால் வாசகத்தில் ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் முழுக்க மாறிவிடும், சாவியும் போச்சு.

கணக்கு சரியாகிவிட்டது என்பதால் வாசகம்தான் மாறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கையொப்பச் சன்னலில் என்ன எழுதியிருக்கிறது? பழைய சன்னலின் ஸ்கிரீன்ஷாட் எங்காவது இருக்கிறதா?

கெப்போங்_நர்ஸ்_அக்கா

எனக்கு இந்த ஹேஷ் கேஷ் எல்லாம் புரியாது. கோலாலம்பூரில் சிறுநீரகப் பிரிவில் வேலை செய்கிறேன், அதை வைத்து ஒரு வார்த்தை.

தம்பி, இந்த ஆப் திறக்கும் வரை அப்பாயின்ட்மென்டை நிறுத்தி வைக்காதீர்கள். இப்போது போகும் மையத்திலேயே நகல் கேளுங்கள். தனியார் என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி உங்கள் தரவைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரிமை இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், உடல்நிலைத் தகவல் அதில் உணர்திறன் மிக்க தரவு என்றே தனியாக வருகிறது. ஆனால் அரசாங்க மருத்துவமனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே அவர்களுடைய சொந்த நடைமுறைப்படி மருத்துவப் பதிவுப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் நேரில் போய்ப் பணிவாகக் கேட்டால் சட்டம் பேசாமலே கிடைத்துவிடும்.

இன்னொன்று. எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும், அம்மா அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு மயங்கிய நிலையில் வந்தால் அங்கே யாரும் வாலெட்டைத் திறக்கப் போவதில்லை. கைப்பையில் ஒரு தாள் இருக்கட்டும். உலர் எடை (உடலில் மிகையான நீர் இல்லாதபோது உள்ள எடை) எத்தனை கிலோ, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான ரத்தக்குழாய் இணைப்பு) எந்தக் கையில், என்ன மருந்துக்கு ஒவ்வாமை, கடைசி டயாலிசிஸ் என்றைக்கு. ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. அதை அறியாத புதுப்பிள்ளை ஒருவர் பட்டையைக் கட்டிவிடுவதைத் தடுப்பது அந்தத் தாள்தான்.

தனி டம்ளர் வைத்தவர்களுக்கும் சொல்லுங்கள், ஹெபடைடிஸ் சி டம்ளரில் தொற்றாது, ரத்தத்தில்தான் தொற்றும். அதுவும் இப்போது மாத்திரையில் குணமாகிற நோய். சோஃபோஸ்புவிர் மருந்துக்கு நம் அரசாங்கம் 2017-இல் அரசுப் பயன்பாட்டு உரிமம் கொடுத்து மலிவாகக் கொண்டுவந்தது. அம்மா சிகிச்சை முடித்திருந்தால், வைரஸ் இல்லை என்று வந்த அந்த ரிசல்ட்டைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். புது மையத்தில் எந்த இயந்திரத்தில் அம்மாவைப் போடுவது என்று முடிவு செய்ய அதைத்தான் கேட்பார்கள்.

ஜெலுத்தோங்_மகன்

நன்றி அக்கா. அம்மா மாத்திரை முடித்துவிட்டார், அந்த ரிசல்ட்டும் இதே ஆப்பில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே நகல் கேட்கிறேன்.

அண்ணே, ஸ்கிரீன்ஷாட் கிடைத்தது. தங்கைக்கு விளக்கும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாக்கியம் எல்லாம் ஒன்றுதான். கடைசியில் அம்மாவின் அட்ரஸ் வருகிறது. பழையதில் அதிலுள்ள ஆங்கில எழுத்து எல்லாமே சின்ன எழுத்து. புதியதில் சிலது பெரிசு, சிலது சின்னது. அட்ரஸ் அதேதான். இது ஒரு விஷயமா?

செந்தூல்_டெக்

விஷயமே அதுதான்! கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எத்தீரியம் (உங்கள் வாலெட் கணக்கு இருக்கும் கிரிப்டோ வலையமைப்பு) அட்ரஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காக 2016-இல் ஈஐபி-55 என்று ஒரு முறை வந்தது, சில எழுத்துகளைக் கணக்கிட்டுப் பெரிதாக்கி எழுதுவார்கள். அட்ரஸாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று. வெறும் வாசகமாகப் பார்த்தால் இரண்டும் வேறு, ஆகவே கையொப்பமும் வேறு. ஆப்பை எழுதியவர்கள் புதிய பதிப்பில் அட்ரஸை ஈஐபி-55 படி காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அதையே சாவிக்கான வாசகத்திலும் வைத்திருக்கிறோமே என்று யாரும் யோசிக்கவில்லை. பழைய போனில் பழைய பதிப்பு இருந்ததால் உங்களுக்கு இதுவரை தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உங்களுடையது ஆண்ட்ராய்டு என்று நினைக்கிறேன். அந்த ஆப்பின் பழைய பதிப்பை உருவாக்கியவர்களின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அங்கே போட்டிருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு (கோப்பின் ஹேஷ், கோப்பு மாறினால் இதுவும் மாறும்) ஒப்பிட்டுப் பாருங்கள். புதியதன் மேல் பழையதைப் போட ஆண்ட்ராய்டு விடாது, புதியதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். நீக்குவது அந்த ஆப்பை மட்டும், வாலெட்டைத் தொடாதீர்கள். பட்டியல் அட்ரஸோடு கட்டப்பட்டது, மறுபடி வந்துவிடும். திறந்ததும் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய வாசகத்தை எடுத்துக்கொண்டு இணையத்தில் ஏதாவது ஒரு 'கையொப்பமிடும் பக்கத்தில்' ஒட்டிப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இந்த ஆப்பில் கையொப்பம்தான் சாவி. அதே வாசகத்தை எந்தத் தளம் உங்களிடம் காட்டிக் கையொப்பம் வாங்கினாலும் அம்மாவின் கோப்புகளுக்கான சாவி அவர்கள் கையில். பணம் போகாது என்பதால் நாம் யோசிக்காமல் 'சரி' என்று தட்டிவிடுவோம். இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

பாயான்லெப்பாஸ்_சந்தேகி

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நாலு பிடிஎஃப்புக்கு வாலெட் எதற்கு? கிரிப்டோமேட்டர் மாதிரி கோப்புகளைப் பூட்டும் மென்பொருள் ஒன்றில் பூட்டி, நல்ல பாஸ்வேர்ட் வைத்து, எந்த கிளவுடில் போட்டாலும் வேலை முடிந்தது. நீங்கள் பூட்டுவது உங்கள் நகலை மட்டும்தான், மருத்துவமனையின் நகல் அங்கேயேதான் இருக்கும். பக்கத்தில் சிங்கப்பூரில் 2018-இல் சிங்ஹெல்த்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது, அப்போதைய பிரதமருடையது உட்பட. நோயாளி கையில் வாலெட் இருந்திருந்தாலும் அது நின்றிருக்காது.

இன்னொரு கேள்வி. இந்த ஆப் ஒவ்வொரு கோப்பின் ஹேஷையும் பிளாக்செயின் சங்கிலியில், அதாவது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில், பதிகிறதா?

ஜெலுத்தோங்_மகன்

பதிகிறது. கட்டணத்தை அவர்களே கட்டிவிடுகிறார்கள். கோப்பை யாரும் மாற்றவில்லை என்று நிரூபிக்க என்று போட்டிருந்தார்கள்.

பாயான்லெப்பாஸ்_சந்தேகி

அப்படியானால் அந்த அட்ரஸின் பதிவு நேரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்ததும் தாளை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி, மாதக்கணக்கில். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, வாரம் மூன்று தடவை என்ன சிகிச்சை நடக்கும் என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவன் ஊகித்துவிடுவான். அந்த அட்ரஸ் அம்மாவுடையது என்று ஒரே ஒரு இடத்தில் தெரிந்தால் போதும்.

செந்தூல்_டெக்

நியாயமான பேச்சு. வாலெட்டுக்கு மருத்துவத்தில் பொருத்தமான வேலை வேறு இருக்கிறது என்பேன். மருத்துவமனையே கையொப்பமிட்டுச் சான்றைக் கொடுக்க, அதை நோயாளி தன் போனில் வைத்து, கேட்கிற இடத்தில் தேவையான வரியை மட்டும் காட்டுவது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019-லேயே அதற்குத் தரம் வெளியிட்டுவிட்டது. அதில் கோப்பு எதுவும் சங்கிலிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கிறவரும் வாங்கிப் பார்க்கிறவரும் அதற்குத் தயாராக இருந்தால்தானே? வாட்ஸ்அப்பில் ரிசல்ட் அனுப்புகிற இடத்தில் அதை எங்கே எதிர்பார்ப்பது.

ஜெலுத்தோங்_மகன்

திறந்துவிட்டது! பழைய பதிப்பைப் போட்டு, எஸ்எச்ஏ எண்ணைச் சரிபார்த்து, கையொப்பம் போட்டதும் எக்கோ அறிக்கை முதல் வரியிலிருந்தே தெளிவாக வந்தது. எல்லாவற்றையும் இறக்கி கிரிப்டோமேட்டரில் போட்டுவிட்டேன், ஒரு நகல் தங்கையிடம். வைரஸ் இல்லை என்ற ரிசல்ட்டை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில், அக்கா சொன்ன தாளோடு வைத்தாயிற்று. ஆப் ஆட்களுக்கும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் இரண்டு வாசகத்தையும் முயன்று பார்க்கும்படி மாற்றுவதாகப் பதில் போட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஐபிஎஃப்எஸ்ஸில் கிடப்பதை அழிக்க முடியுமா?

செந்தூல்_டெக்

அழி என்று கட்டளையிட வழியில்லை. ஆப்பில் 'பின் நீக்கு' (பின், pin, என்றால் கோப்பை விடாமல் வைத்திருக்கச் சொல்லும் குறி) இருந்தால் எல்லாக் கோப்புக்கும் செய்யுங்கள். வேறு யாரும் பின் செய்து வைத்திருக்கவில்லை என்றால் காலப்போக்கில் கணினிகள் அதைத் துப்புரவு செய்துவிடும். யாராவது எடுத்து வைத்திருந்தால் பூட்டிய நிலையில் அவர்களிடம் இருக்கும். ஆகவே அந்த இரண்டாவது கணக்கை இனி வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், எந்தத் தளம் கேட்டாலும் அதில் கையொப்பம் போடாதீர்கள். சங்கிலியில் ஏறிய ஹேஷ் அங்கேயேதான் இருக்கும், அதை எடுக்க முடியாது.

கெப்போங்_நர்ஸ்_அக்கா

தாளில் உலர் எடையைப் பென்சிலில் எழுதுங்கள் தம்பி. அது மாறிக்கொண்டே இருக்கும்.

நிர்வாகி

தீர்ந்தது என்று குறித்துவிட்டேன். இழை திறந்தே இருக்கும்.