பேஸ் ஏத்தினா ஆம்ப் அணைஞ்சு அணைஞ்சு வருது

பேஸ்பிரியன்:
கார்ல 12 இன்ச் சப் (பேஸுக்குன்னே உள்ள ஸ்பீக்கர்) ஒண்ணு, டூயல் வாய்ஸ் காயில் (உள்ள ரெண்டு கம்பிச் சுருள்), ஒவ்வொண்ணும் 4 ஓம், பேரலல் கனெக்‌ஷன். மோனோ ஆம்ப், கிளாஸ் டி, 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ். சின்ன சவுண்டுல மணிக்கணக்கா ஓடுது. பாதிக்கு மேல வெச்சா, பேஸ் அடிக்கிற நேரத்துல அணைஞ்சு ரெண்டு செகண்டில் திரும்ப வருது. பச்சை லைட்டே அணையுது, சிவப்பு ப்ரொடெக்ட் லைட் எரியல. ஃபியூஸ் போகல, ஆம்ப் சூடும் இல்ல. கடையில ஆம்பை மாத்தச் சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?

ஓம்விதி:
அவசரப்பட்டு மாத்தாதீங்க. ஸ்பீக்கர் வயர் பாடியில் ஷார்ட் ஆனாலோ ஓம் குறைஞ்சாலோ பெரும்பாலும் சிவப்பு எரியும். சூட்டுல கட் ஆனா ஆறுறதுக்கே பல நிமிஷம் ஆகும். பச்சையே அணையுதுன்னா, ஒண்ணு கரண்ட் முழுசா வந்து சேரல, இல்ல ரிமோட் வயர்ல (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பையும் ஆன் பண்ற சின்ன வயர்) 12 வோல்ட் நிக்கல.

ரிமோட்டை முதல்ல பாருங்க. ஸ்டீரியோவிலிருந்து வர்ற ரிமோட் வயரை ஆம்பில் கழட்டி டேப் சுத்திடுங்க. ஆம்பில் பிளஸ்ஸுக்கும் ரிமோட் டெர்மினலுக்கும் ஒரு துண்டு வயர் போட்டு ஓட்டுங்க. அப்பவும் கட் ஆனா ரிமோட் மேல தப்பில்ல. டெஸ்ட் முடிஞ்சதும் மறக்காம எடுத்துடுங்க, இல்லேன்னா பேட்டரி இறங்கிடும்.

வயர்கட்டர்:
அடுத்து மல்டிமீட்டர். பாட்டு போட்டா எண் தாவிட்டே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்க. ஒரு தடவைக்கு அஞ்சு செகண்ட் போதும், காயில் பாவம். இன்ஜின் ஓடட்டும். பேட்டரி முனைகள்ல ஒரு அளவு, ஆம்ப் முனைகள்ல ஒண்ணு. பிறகு மீட்டர் முனை எட்டுறதுக்கு நீள வயர் ஒண்ணு இழுத்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப் பிளஸ், ஆம்ப் எர்த்திலிருந்து (ஆம்ப் மைனஸ், கார் பாடியில சேர்றது) பேட்டரி மைனஸ்னு, ஒவ்வொரு பக்கமும் எத்தனை வோல்ட் இழப்புன்னு அளங்க.

500 வாட்டுக்கு இந்த ஆம்ப் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். எர்த்தில் வெறும் 0.05 ஓம் இருந்தாலே 2 வோல்ட்டுக்கு மேல அங்கயே போயிடும். சின்ன சவுண்டுல 5 ஆம்பியர்தான், கால் வோல்ட் இழப்பு. அதனாலதான் அப்போ ஒண்ணும் தெரியல.

பேஸ்பிரியன்:
ரிமோட்டுக்கு நேரா வயர் போட்டும் கட் ஆகுது. பேட்டரி 13.4, ஆம்பில் 10.1, பிளஸ் பக்கம் 0.7, எர்த் பக்கம் 2.6. எர்த் வயர் டிக்கியில பெயிண்ட் மேலயே ஒரு தகர ஸ்க்ரூவில இருக்கு.

வயர்கட்டர்:
அந்த ஸ்க்ரூதான். பல ஆம்புகள் 10 வோல்ட் பக்கம் இறங்கினா தானே அணைஞ்சிடும். நாலணா அளவு இடத்துல பெயிண்டைச் சுரண்டி தகடு பளபளன்னு தெரியணும். 8 எம்எம் போல்ட், ஸ்டார் வாஷர், பின்னாடி நட். எர்த் வயரும் பிளஸ் வயர் அளவு தடிமனா இருக்கணும், அரை மீட்டருக்குள்ள முடியணும், லக் (வயர் நுனியில வர்ற உலோக வளையம்) நல்லா நசுக்கிக் கிரிம்ப் ஆகியிருக்கணும். முடுக்கினதும் மேல பெயிண்ட் அடிங்க, துரு பிடிக்காது. துளை போடும் முன்னாடி அடியில பெட்ரோல் டேங்கும் பைப்பும் எங்க போகுதுன்னு குனிஞ்சு பாருங்க. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே வேண்டாம். அப்புறம் எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குக் கீழ வரணும்.

பிளஸ்ல 0.7 கூட ஜாஸ்திதான். பேட்டரிகிட்ட இருக்கிற ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்க, சுட்டா ஸ்க்ரூ லூஸ். இதுக்குப் போய் கெப்பாசிட்டர் வாங்கிடாதீங்க, எர்த் இழப்பை அது சரி பண்ணாது.

ஓம்விதி:
எர்த் முடிஞ்சதும் ஆம்பில் இருக்கிற கெய்னை (உள்ள வர்ற சிக்னலை எவ்ளோ பெருக்கணும்னு வைக்கிற திருகு) புதுசா வைங்க. சப் வயரைக் கழட்டிட்டு அதே 50 ஹெர்ட்ஸ் டோன், மீட்டர் ஏசி வோல்ட்டில், ஆம்ப் அவுட்புட் 31 வோல்ட் வந்ததும் நிறுத்துங்க (500 வாட் × 2 ஓம், அதன் வர்க்கமூலம்). வயர் கழட்டின கையோட சப்பையும் ஓமில் அளந்துடுங்க, 1.6-லிருந்து 1.9-க்குள்ள காட்டினா காயில் நல்லாத்தான் இருக்கு.