அகலப் படத்தை நெட்டுவாக்கில் வெட்டியபோது விடுபட்டவை: உங்கள் அனுபவங்கள்

சென்னிமலையிலிருந்து:
தம்பியின் கல்யாணம் முடிந்து பல மாதங்களாகியும் இது மனத்தை விட்டுப் போகவில்லை. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் மணமகனின் உடன்பிறந்தவளுக்கு உரிய சீர் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்நின்று நடத்த, கூறைப்புடவை எங்கள் இருவரையும் இணைத்திருந்த அந்தக் காட்சியை அகலவாக்கில் நிறைவாகவே படம் பிடித்திருந்தார்கள். இன்ஸ்டாகிராமுக்கென்று அதையே நெட்டுவாக்கில் வெட்டி அனுப்பியபோது தம்பி மட்டும் நடுவில் நின்றான். இடது ஓரத்தில் புடவையின் தலைப்பும், அதைப் பிடித்திருந்த என் விரல்களும், ஒற்றை வளையலும் தெரிந்தன. போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்த அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "ஏங்கண்ணு, உன்ற மூஞ்சியவே காணோம்?" என்று கேட்டார். சொந்தபந்தம் எல்லோரும் பார்த்தது அந்த வெட்டிய படத்தைத்தான். முழுப் படம் பென்டிரைவில் கிடக்கிறது.

ஈரோட்டிலிருந்து, எடிட்டிங் செய்பவர்:
சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வெட்டியவரை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை, பந்தி முடிவதற்குள்ளேயே "ரீல்ஸ் ரெடிங்களா?" என்று கேட்கும் வீடுகளை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயில் திடலில் எடுத்த வள்ளிக் கும்மி, அதாவது வள்ளி கதையைப் பாடி வட்டமாக ஆடும் கும்மி, எனக்கு இன்னும் உறுத்துகிறது. வாடிக்கையாளர் தாமே ஒரு செயலியில் போட்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். நடுவில் நின்று பாடிய ஆசிரியரின் முகத்தையே செயலி பிடித்துக்கொண்டதால், சுற்றி ஆடியவர்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மறைந்துகொண்டே இருந்தார்கள். ஒரு சிறுமி கும்மி தட்டக் கையை உயர்த்தினாள். தட்டும் முன்பே படச் சட்டத்தை விட்டுப் போய்விட்டாள், ஓசை மட்டும் கேட்டது.

இதற்குக் காரணம் கணக்குத்தான். 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் உயரத்தைக் குறைக்காமல் 9:16 விகிதத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 608 பிக்சல் அகலம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த 608-ஐ மறுபடி 1080-ஆக இழுக்கும்போது பட்டின் சரிகை மங்கிவிடும். ஆகவே நெட்டுவாக்கில் வெட்டப்போவது முன்பே தெரிந்தால் 4கே-யில் எடுக்கச் சொல்லுங்கள். அதன் 2160 உயரத்தில் 1215 அகலம் கிடைக்கும், எதையும் இழுக்க வேண்டியதில்லை. பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில், சட்டத்தைத் தானாகவே நகர்த்தி வெட்டும் ஆட்டோ ரீஃபிரேமை முதல் கட்டமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் கண்ணால் பார்த்து, எந்த நொடியில் சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கும் கீஃபிரேமைக் கையால் நகர்த்துவதுதான் வேலையே. டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளின் கட்டணப் பதிப்பில், எதைப் பின்தொடர வேண்டும் என்று நாமே சுட்டிக்காட்டவும் முடியும். எழுத்துகளைக் கீழ் விளிம்பில் வைக்காதீர்கள். அங்கே பெயரும் விவரமும் வந்து மறைத்துவிடும், வலது ஓரத்தில் பொத்தான்கள் வரும்.

பவானியிலிருந்து:
ஈரோட்டு நண்பர் முகத்தைப் பற்றியே பேசுகிறார். பக்கவாட்டில் ஓடும் பொருளுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டுக் குழித்தறியில் (குழிக்குள் கால் வைத்து நெய்யும் கைத்தறி) அகல ஜமக்காளம் நெய்யும்போது இருவர் அமர்ந்து, ஊடைநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்குவார். வெட்டிய படத்தில் அப்பா நாடாவைத் தள்ளுகிறார், அது காணாமல் போகிறது. சற்று நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது. மறுமுனையில் அமர்ந்து நெய்த என் அம்மா அந்தப் படத்திலேயே இல்லை. கீஃபிரேமை எவ்வளவு நகர்த்தினாலும் நாடாவின் வேகத்துக்குச் சட்டம் ஓடினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கடைசியில் வெட்டுவதையே விட்டுவிட்டு, முழு அகலப் படத்தையும் நடுவில் வைத்தேன். 1080 அகலமுள்ள சட்டத்தில் அது 608 உயரம்தான் எடுக்கிறது. மேலே அம்மாவின் கைகளையும் கீழே பட்டைகளின் நிறங்களையும் அண்மைக் காட்சிகளாக வைத்தேன். எல்லோரும் போடுவதைப் போல அதே படத்தை மங்கலாக்கிப் பின்னணியில் இட்டால், ஜமக்காளத்தின் பட்டைகள் இரண்டு மடங்காகி அசைந்து கண்ணைக் கெடுக்கின்றன.

காங்கேயத்திலிருந்து:
பவானிக்காரரே, நீங்கள் சொன்னது போல அடுக்கினால் நாடா மிகச் சிறிதாகிவிடுமே. ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எனக்கும் இதே சிக்கல்தான். சாலையோரத்தில் நின்று எடுத்ததை வெட்டியபோது காளையின் கொம்பு வந்தது, வண்டி வரவில்லை. அடுத்த பந்தயத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால், தடுப்புக்குப் பின்னே நின்று, போனை நெட்டுவாக்கில் பிடித்தேன். காளைகள் நேரே என்னை நோக்கி வந்ததால் கொம்பு, நுகம், ஓட்டுபவர், பின்னே எழுந்த புழுதி எல்லாமே ஒரே சட்டத்தில் அடங்கின. தறியின் பக்கவாட்டில், அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்துப் பாருங்கள். நாடா குறுக்கே ஓடாமல் கேமராவை நோக்கி வரும்.

சென்னிமலையிலிருந்து:
கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாதே, அண்ணா. மூலக் கோப்பு இருக்கிறது. தம்பியை மேலும் என்னைக் கீழுமாக இரண்டு சட்டங்களில் வைக்கலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் நடுவில் உள்ள புடவை அறுந்துவிடுகிறது.

ஈரோட்டிலிருந்து:
அடுக்க வேண்டாம், சகோதரி. 9:16-ஐ விட்டுவிட்டு 4:5-க்கு வெட்டச் சொல்லுங்கள். 608-க்குப் பதில் 864 பிக்சல் அகலம் கிடைக்கும். மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம் வரும், வரட்டும். நீங்கள் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தால், புடவையோடு சேர்ந்து இருவரும் அதற்குள் வந்துவிடுவீர்கள்.