கதண்டு கொட்டினால் எப்போது ஆபத்து?

கேள்வி: தென்னந்தோப்பு வேலையில் கதண்டு (பெரிய விஷக் குளவி) கொட்டினால் அது வெறும் வீக்கமா, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையா என்று எப்படிப் பிரித்தறிவது? அவில் மாத்திரை போதுமா?

பதில் 1: கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை (வாய்க்குள் கொட்டினால் கதை வேறு). கொட்டாத இடங்களிலும் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல் சில நிமிடங்களில் வந்தால் அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. தடிப்பே இல்லாமல் மயங்கி விழுவதும் உண்டு. அவில் அரிப்பைத்தான் அடக்கும். மூச்சுக்குழலைத் திறக்காது, ரத்த அழுத்தத்தை ஏற்றாது.

பதில் 2: மருந்து அட்ரினலின்தான். பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் மருத்துவரோ நர்ஸோ போடுவார்கள். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. ஆகவே உடனே 108. அதுவரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் மட்டும் காலை நீட்டி உட்காரலாம். பைக்கில் ஏற்றவோ நடத்தவோ வேண்டாம். எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து உயிரே போகலாம்.

கேட்டவர்: ஊசி போட்டதும் சரியாகிவிட்டால் வீட்டுக்குப் போகலாமா?

பதில் 2: கூடாது. சில மணி நேரத்தில் மறுபடி வரக்கூடும். கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

பதில் 3: கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ, ஓரிரு நாள் கழிந்திருந்தாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு தடவி நேரம் கடத்தாதீர்கள்.