உறுமி மேளம் பதிவு: லிமிட்டர் போடலாமா, வேண்டாமா?

செம்பனைக்காடு: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் தீமிதியைப் பதிவு செய்யப் போகிறேன். கரகம் பாலிக்கும்போது, அதாவது அதைச் சோடித்துச் சக்தி ஏற்றும்போது, பூசாரி உடுக்கையோடு தணிந்த குரலில் வர்ணிப்பு பாடுவார். அது முடிந்ததும் உறுமி மேளம் இறங்கும். கையில் இருப்பது ஸூம் எச்1என் என்ற கையடக்கப் பதிவுக் கருவி. பதிவாகும் ஒலியின் லெவலை எங்கே வைப்பது? எல்லை மீறும் ஒலியைத் தானாக அமுக்கும் லிமிட்டரைப் போடலாமா?

தப்புத்தாளம்: லிமிட்டரைத் தொடாதீர்கள் அண்ணே. 24 பிட்டில் எடுங்கள், மீட்டரின் மேல்வரம்பு 0 டிபி (டெசிபெல்), உச்சம் -12 டிபியைத் தாண்டாதபடி லெவலை இறக்குங்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டுக்குக் கணக்குப்படி 96 டிபி இடம், 24 பிட்டுக்கு 144. குறைவாகப் பதிந்ததை வீட்டில் கூட்டிக்கொள்ளலாம். லிமிட்டர் போட்டால் அடி விழும்போதெல்லாம் மொத்த ஒலியும் அமுங்கி எழும். உறுமியின் அந்த முனகல் இழுப்பு போயே போச்சு.

ரப்பர்பால்: 144 எல்லாம் தாளில்தான் தம்பி. கையடக்கக் கருவியில் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் இரைச்சல் அதற்கு வெகு முன்பே குறுக்கே நிற்கும். ரொம்ப இறக்கினால், வர்ணிப்பைக் கூட்டும்போது 'ஸ்ஸ்' சத்தமும் சேர்ந்தே ஏறும். அப்புறம், தீமிதி நேரத்தில் யார் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பது? அருள் வந்தவர் மைக் பக்கத்தில் கத்தினால் என்ன செய்வீர்கள்? பூஜ்ஜியத்தைத் தாண்டிய அலைக்குத் தலை போய்விடும். லிமிட்டர் ஹெல்மெட் மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு பறக்கச் சொல்லவில்லை.

தப்புத்தாளம்: ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல மலிவுக் கருவிகளில் ஒலி டிஜிட்டலாக மாறிய பிறகுதான் லிமிட்டருக்கே வேலை. ப்ரீஆம்பில் ஏற்கெனவே வெட்டுப்பட்டதை அது ஒட்டவைக்காது.

ரப்பர்பால்: எல்லாம் அப்படியில்லை. சோனி பிசிஎம்-டி50, 20 டிபி தணிந்த இன்னொரு சிக்னலைத் தயாராக வைத்திருந்து, வெட்டுப்படும் இடத்தில் அதைப் போட்டுவிடும். டாஸ்காம் டிஆர்-40 குறைந்த லெவலில் இரண்டாவது ஒலிக்கோப்பு ஒன்றையே கூடவே எழுதும்.

தப்புத்தாளம்: அவரிடம் இருப்பது எச்1என்! கடைக்குத்தான் போவதென்றால் மெல்லியதையும் உரத்ததையும் ஒரே கோப்பில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட் உள்ள ஸூம் எச்1எசென்ஷியலை வாங்கட்டும். லெவல் திருகும் வேலையே இல்லை.

ரப்பர்பால்: மைக்கே திணறினால் ஃப்ளோட்டும் கைவிட்டுவிடும். நாலு அடி தள்ளி நிற்பது இலவசம். லிமிட்டர் இருக்கட்டும், லெவலையும் இறக்கியே வையுங்கள். தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், உறுமியின் அடிநாதம் அங்கேதான் இருக்கிறது.

தப்புத்தாளம்: லெவலை இறக்கியாச்சு என்றால் லிமிட்டருக்கு என்ன வேலை? அதைத்தானே முதலில் இருந்து கேட்கிறேன்!

செம்பனைக்காடு: புதுசு வாங்க இந்த மாதம் காசில்லை. மேளக்குழுவின் ஒத்திகையில் லிமிட்டர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்து இங்கே ஏற்றுகிறேன். எது எது என்று சொல்ல மாட்டேன்.