கனடா பிராம்ப்டனில் நான், காவேரிப்பட்டினத்தில் பாதி குழியில் கேட். அவசரம்!

மாந்தோப்பு: இங்கே வந்து 3 வாரம். ஊரில் அம்மா தனியாக இருப்பதால், வாசலுக்கு மோட்டார் கேட் போட அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். இப்போது இங்கே இரவு பத்து, அங்கே காலை எட்டரை. தூண் குழியில் ஒன்றரை அடியிலேயே பாறையாம். "இன்னும் 8,000 கொடுங்க, இல்லேன்னா இதுக்கு மேலயே கான்கிரீட் போட்டுடறேன்" என்கிறார் மேஸ்திரி. என்ன சொல்ல? பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கேட்டா, இரட்டைக் கதவா என்றும் முடிவாகவில்லை.

பர்கூரான்: கேட் கிடக்கட்டும் தம்பி. சின் நம்பர் (இங்கே வேலை பார்க்கத் தேவையான அரசு எண்) வாங்கியாச்சா? நான் வந்த புதிதில் பேஸ்மென்ட்டில் ஐந்து பேர், ஒரே ஹீட்டர். பனியில் பஸ்ஸுக்கு நின்று காது மரத்துப்போனதை இன்றும் மறக்கவில்லை.

பாலக்கோட்டு அக்கா: அவர் கேட்டது கேட்டைப் பற்றி! ஸ்லைடிங் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

அரூர் 2004: வேண்டவே வேண்டாம். தண்டவாளத்தில் மண்ணும் புளிய இலையும் அடைத்து, எங்கள் அப்பா தினமும் ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறார். இரட்டைக் கதவுதான் சரி.

பர்கூரான்: வெளிநாட்டுக் காசு என்றாலே ரேட் ஏறிவிடும். எங்கள் சித்தப்பா வீடு அடுத்த தெருதான், எங்கள் வீட்டு வேலையை ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. போட்டோ மட்டும் அனுப்புவார், அதுவும் மங்கலாக.

பாலக்கோட்டு அக்கா: எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா.

பட்டறை வீட்டுப் பையன்: அண்ணா, வாசல் எத்தனை அடி? உள்ளே மேடா, சமமா? பக்கத்தில் சுவர் எவ்வளவு நீளம்? இதைச் சொல்லாமல் யார் என்ன சொல்வது?

மாந்தோப்பு: வாசல் 12 அடி. உள்ளே மேடு. இடதுபக்கம் 9 அடியில் தண்ணீர்த் தொட்டி. வலதுபக்கம் 14 அடி இருக்கிறது, ஆனால் அம்மாவின் கனகாம்பரம்.

பட்டறை வீட்டுப் பையன்: மேடு என்றால் உள்ளே திறக்கும் கதவு தரையில் உரசும். வெளியே திறந்தால் ரோட்டை மறிக்கும். அதனால் ஸ்லைடிங், வலதுபக்கம். கேட் ஒதுங்க 12 அடியோடு இன்னும் ஒன்றரை அடி வேண்டும், 14 போதும்.

குழியில் கடப்பாரையால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்றால் அடிப்பாறையாக இருக்கலாம், மொத்தென்றால் உருட்டுக்கல்லாக இருக்கலாம், அப்படியானால் அதைப் பெயர்த்தே ஆகவேண்டும். சுற்றிலும் கொஞ்சம் தோண்டினால் உறுதியாகிவிடும். அடிப்பாறையாக இருந்தால் துளை போட்டு, தூசியை ஊதி எடுத்துவிட்டு, எபாக்சி (இறுகிப் பிடிக்கும் பசை) வைத்துக் கம்பியை நிறுத்தட்டும். வெறும் பாறைமேல் கான்கிரீட் கொட்டினால் பிடிக்காது. துளை மிஷினுக்கும் எபாக்சிக்கும் ஆகும் செலவைக் கொடுங்கள், மொத்தமாக 8,000 வேண்டாம்.

கான்கிரீட்டுக்கு முன்பே தரைக்கடியில் இரண்டு பைப்: ஒன்று கரண்டுக்கு, ஒன்று சென்சார் ஒயருக்கு. பலர் மறந்துவிட்டு அப்புறம் தரையை உடைக்கிறார்கள். ஈரச் சாக்கு சுற்றி 7 நாளாவது தண்ணீர் காட்டட்டும். முழு பலம் வர 28 நாள், மோட்டார் அதற்குப் பிறகுதான். கரண்ட் போனால் கையால் தள்ள ஒரு சாவி வரும், அது அம்மாவிடம் இருக்கட்டும்.

மாந்தோப்பு: மேஸ்திரியிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். கனகாம்பரத்தை எடுக்கணும் என்று சொன்னதும் அம்மா போனை வைத்துவிட்டார்.

பாலக்கோட்டு அக்கா: நம்பரைத் தனியாக அனுப்புங்கள், நான் பேசுகிறேன். வேரோடு மண்ணைச் சேர்த்து எடுத்தால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பிழைத்துக்கொள்ளும்.