சீரற்ற மின்புலத்தில் புரதம்: கணக்குப்படி சேரவே கூடாது, ஆனால் விளிம்பில் சேர்கிறதே?

கேள்வி

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கண்ணாடியின் மேல் தங்க மின்முனைகள், இடைவெளி 10 மைக்ரான். அதன் மேல் ஒளிர்சாயம் ஏற்றிய பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின்) புரதக் கரைசல் ஒரு சொட்டு. 1 மெகாஹெர்ட்ஸில் 10 வோல்ட் ஆர்.எம்.எஸ். கொடுத்தால், அரை நிமிடத்தில் மின்முனை விளிம்பு நெடுக ஒளிக்கோடு எழுகிறது. நிறுத்தினால் மெல்ல மங்குகிறது, முழுதாகப் போவதில்லை.

டைஎலக்ட்ரோஃபோரசிஸ் விசை, அதாவது சீரற்ற மின்புலம் ஒரு துகளை இழுக்கும் அல்லது தள்ளும் விசை, ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 3.5 நானோமீட்டர் ஆரமுள்ள உருண்டையை மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் புலத்தில் வைத்தால், எல்லாம் சாதகமாக இருந்தாலும், மூலக்கூறுகளைக் குலுக்கிக் கலைக்கும் வெப்ப ஆற்றலில் இருபதில் ஒரு பங்குதான் தேறுகிறது. தண்ணீரின் விடுதிறன் (மின்புலத்தில் எவ்வளவு முனைவாகும் என்ற அளவு) சுமார் 78, புரதத்துக்கு அதைவிட மிகக் குறைவு. அப்படியென்றால் புரதம் விளிம்பைவிட்டு விலகத்தானே வேண்டும்? நான் பார்ப்பது என்ன?

பதில் 1

புரதத்தைக் கரைத்தது என்ன பஃபரில்? பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் என்றால் முதலில் சூட்டைப் பாருங்கள். அதன் கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 சீமென்ஸ் அளவு. 10 வோல்ட்டில் இடைவெளி பத்திருபது டிகிரிகூட ஏறலாம். நீர் சுழலும், அது புரதத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பதில் 2

சூடு உண்மைதான். ஆனால் வெறும் நீரோட்டத்தால், கரைந்திருக்கும் பொருளை ஓரிடத்தில் செறிவாக்க முடியாது. கொண்டுவந்ததை ஏதாவது பிடித்துவைக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது தங்கம் என்று நினைக்கிறேன். பி.எஸ்.ஏ. தங்கத்தில் நன்றாகவே ஒட்டும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது "மெல்ல மங்குகிறது" என்ற சொல். பி.எஸ்.ஏ. நீரில் 10 மைக்ரான் தூரம் பரவ ஒரு வினாடி போதும். புலம் மட்டுமே பிடித்து வைத்திருந்தால், நிறுத்திய கணமே கோடு கலைந்திருக்கும். நிமிடக்கணக்கில் நின்றால் அது ஒட்டியது, அல்லது திரண்டது. இதே கோட்டை நான் ஒரு வருடம் முழுக்க அளந்து, விசை என்று எழுதி வைத்திருந்தேன். அணைத்த பின் என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை. அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, அதற்காக விளைவே பொய் என்று விட்டுவிடாதீர்கள். 1994இலேயே மசாவோ வாஷிசு குழுவினர் புரதங்களை இப்படி மின்முனையில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். இடிப்பது உருண்டைச் சூத்திரம்தான். அது செல்லுக்கும் லேடெக்ஸ் மணிக்கும் பொருந்தும். புரதம் வழுவழுப்பான உருண்டை அல்ல. அதற்கென்று நிலையான இருமுனை (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) உண்டு, பல நூறு டிபை அளவில்; டிபை என்பது இருமுனையின் வலிமைக்கு அலகு. தண்ணீர் மூலக்கூறுக்கு 1.85தான். 500 டிபை என்று வைத்தால், உங்கள் புலத்தில் அந்த இருமுனையின் ஆற்றல் வெப்ப ஆற்றலில் 40 சதவீதம். முழுதாகத் திரும்பி நிற்காது, ஆனால் புலத்தின் பக்கம் சாயும். சாய்ந்த இருமுனை புலம் வலுத்த இடத்தை நோக்கி இழுபடும். புலம் திசை மாறும்போது இருமுனையும் மாறுவதால் இழுவையின் திசை மட்டும் மாறாது. சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் இந்த அளவு புரதத்தால் உடன் சுழல முடியாது, அந்தப் பங்கு குறைந்துவிடும். ஆகவே அதிர்வெண்ணை ஏற்றிப் பார்ப்பது உங்களுக்கு நல்ல சோதனை.

செய்ய வேண்டியது: தங்கத்தின் மேல் புரதம் ஒட்டாமல் தடுக்கும் பெக் (பாலிஎதிலீன் கிளைக்கால்) பூச்சு, கடத்துதிறனை மீட்டருக்கு 0.01 சீமென்ஸுக்குக் கொண்டுவந்த பஃபர். அப்புறம், கோடு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, செறிவு எத்தனை மடங்கு கூடியது என்று அளவிடுங்கள். சமநிலையில் அந்த விகிதத்தின் இயல் மடக்கையே, வெப்ப ஆற்றலின் அலகில், உங்களுக்கு வேண்டிய ஆற்றல்.

கேட்டவர்

செய்துவிட்டேன். பூச்சு போட்டதும் பழைய பளிச் கோடு காணாமல் போய்விட்டது. முதலில் மனம் விட்டுப்போனது. பிறகு நூறு படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், விளிம்பில் 30 சதவீதம் கூடுதல் ஒளி! நிறுத்தினால் அடுத்த படத்திலேயே மறைகிறது. மடக்கை எடுத்தால் 0.26, அதாவது உருண்டைக் கணக்கைவிட ஐந்தாறு மடங்கு. அதோடு விலகவில்லை, விளிம்பை நோக்கி உள்ளே வருகிறது.

பதில் 2

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். 10 லட்சம் என்பது இடைவெளியின் சராசரிப் புலம். மெல்லிய மின்முனையின் விளிம்பில் அது பல மடங்கு ஏறும், ஆற்றலோ புலத்தின் வர்க்கத்தில் போகிறது. உங்கள் ஐந்தாறு மடங்கு முழுவதும் அதிலேயே கரைந்துவிடலாம். ஆனால் உள்ளே வரும் திசையை அது மாற்றாது. விளிம்புப் புலத்தைக் கணினியில் போட்டு, அதே இடத்து ஒளியோடு ஒப்பிடுங்கள். 5 வோல்ட்டிலும் ஒரு தடவை எடுங்கள், மடக்கை கால்வாசியாக வேண்டும்.